கல்லீரல் இல்லாத கட்டடம்

தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை போகிற வழியில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே, தாளலயா இருதய மையம் என்று ஒன்று இருந்தது. அங்கே தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மூச்சு வாங்குகிறவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர், வரிசையில் முந்திச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவர், யாராக இருந்தாலும் நிற்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் மட்டும் படுத்தபடியே கைகூப்பலாம் என்று ஒரு சலுகை. ஒலிபெருக்கி முதலில் தொண்டையைச் செருமிக்கொள்ளும். பிறகு வரும்: லப் டப், லப் டப், லப் டப். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அந்த நேரத்தில் திரிசூலம் மலையில் பாறைக்கு வெடி வைப்பதைக்கூட நிறுத்திவைக்கிறார்கள் என்று மையத்து வாட்ச்மேன் சொல்வார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

அந்தத் துடிப்பு பீர்க்கன்கரணை ஏகநாதனுடையது.

ஏகநாதன் மின்சார ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையரானவர். தெருவில் கரண்ட் போனால் சனங்கள் முதலில் மெழுகுவர்த்தியைத் தேட மாட்டார்கள், அவரைத் தேடித் திட்டுவார்கள். அப்படித் திட்டு வாங்கிப் பழகிய இதயம்தான், எண்பத்தெட்டாம் வருஷம் ஒருநாள், சம்பளம் கிடைக்காத தவில்காரர் வாசிக்கிற மாதிரி கண்டபடி அடிக்க ஆரம்பித்தது. தாளலயாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டைரக்டர் டாக்டர் யக்ஞநாராயணன் புதிதாக வந்திருந்த வெளிநாட்டு மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். மாசம் திரும்புவதற்குள் தவில் அடங்கிக் கடிகாரம் ஆகிவிட்டது. அதை டைரக்டர் கேசட்டில் பதிவு செய்து எடுத்துக்கொண்டார். வரவேற்பறையில் ஏகநாதனின் போட்டோவைப் பெரிதாக மாட்டி, கௌரவமாக இருக்கட்டும் என்று சந்தன மாலையும் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு பெருங்களத்தூரிலிருந்து இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஏகநாதனே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

அதெல்லாம் முதல் வருஷத்துச் சந்தோஷம். மூன்றாம் வருஷம் சட்டைப் பொத்தான் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது.

பொத்தானைத் துளைக்குள் தள்ளப் போவார். விரல் வேறொரு ஊருக்குப் போகும். கையைப் பிடித்து நிறுத்தினால் கை நிற்கும், பிடித்த கை ஆடும். உள்ளங்கால் இரண்டும் பஞ்சு மூட்டை மாதிரி மரத்துக் கிடந்தன. செருப்பு கழன்று விழுந்தால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் தெரியும். மனைவி தையல்நாயகி ஒவ்வொரு காலையும் அவரை நிற்கவைத்துப் பொத்தான் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் போடுகிற மாதிரி மேலேயிருந்து கீழே போட்டுக்கொண்டு வருவாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இங்க பாருங்க. கண்ணைக் கீழே இறக்குங்க," என்றாள் ஒருநாள். "என்ன இது, வெள்ளை முழியெல்லாம் மஞ்சளா இருக்கு?"

"வெளிச்சம் அப்படி."

"வெளிச்சத்துக்கா மஞ்சக்காமாலை? மூணு வேளையா சாப்பாடும் இறங்கலே. கல்லீரல் கெட்டிருக்கும்னு தோணுது எனக்கு."

பக்கத்து வீட்டு ஐசக் அப்போது காபிக்கு உட்கார்ந்திருந்தார். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரம்பை விட்டு வருஷங்களாகியும் நாக்கை விடவில்லை. "அவனுக்கு அரை டம்ளராவே குடும்மா," என்றார். "மீதி எப்படியும் சட்டைக்குத்தான் போவுது. ஏகா, என் அக்கா பொண்ணு பியூலா ஊரப்பாக்கத்துல கிளினிக் வெச்சிருக்கா. போயி ஒரு தரம் காட்டேன். சும்மா காட்டறதுல என்ன?"

"வேற டாக்டர்கிட்ட போகக்கூடாதுன்னு தாளலயாவுல சொல்லியிருக்காங்க. அவங்க ஒரு வார்த்தை சொல்லாம மாத்திரையை நிறுத்தினா அன்னைக்கே நின்னுடுமாம்."

"எது?"

ஏகநாதன் நெஞ்சைத் தொட்டுக் காட்டப் போனார். கை ஆடியதில் தோள், காது, பக்கத்திலிருந்த ஐசக் மூன்றையும் தொட்டது.

ஆக, டைரக்டர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். அதற்காகத்தான் மறுநாள் அவர் தாளலயாவில் வரிசையில் உட்கார்ந்து, தன் இதயத்துக்குத் தானே எழுந்து கைகூப்பிவிட்டு உள்ளே போனார்.

டாக்டர் யக்ஞநாராயணன் நோயாளியின் முகத்தைப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர். முகம் கவனத்தைக் கலைக்கும் என்பார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "எப்படி இருக்கே? பிரமாதமா இருக்கே," என்றார். ஏகநாதன் நன்றி சொல்ல வாயெடுத்து, அது தன்னிடம் கேட்டதில்லை, தன் நெஞ்சிடம் கேட்டது என்று புரிந்து நிறுத்திக்கொண்டார்.

"டாக்டர், கை நடுங்குது."

"இதயம் நடுங்குதா?"

"இல்லை டாக்டர்."

"அப்புறம் என்ன?"

"கால் மரத்துப் போகுது. கண்ணு மஞ்சளா இருக்கு. கல்லீரலா இருக்கும்னு வீட்ல..."

டைரக்டர் கண்ணைத் திறந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அதற்காகக் கண் திறந்ததே ஏகநாதனுக்குக் கூச்சமாக இருந்தது.

"மிஸ்டர் ஏகநாதன், இந்தக் கட்டடத்துல கல்லீரல் கிடையாது. அஸ்திவாரம் போடும்போதே நான் தெளிவா சொல்லிட்டேன். நான் கல்லீரலுக்கு விரோதி இல்லை. நல்ல கனமான உறுப்பு. ஆனா துடிக்காது. ராத்திரி பகலா சும்மா படுத்துக் கெடக்கும். துடிக்காத ஒரு உறுப்புக்கு நான் எதுக்காக மரியாதை குடுக்கணும்?"

"நரம்பு, டாக்டர்?"

"நரம்புங்கறது ஒயர். நான் ஒயர்மேன் இல்லை."

மின்சார ஆபீஸ்காரரான ஏகநாதனுக்கு இது கொஞ்சம் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை. "ஒருவேளை அந்த மாத்திரையாலே இருக்குமோன்னு..."

அறையில் இருந்த நர்ஸ் ரத்தினபாய் கையிலிருந்த தட்டை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"அந்த மாத்திரை," என்றார் டைரக்டர், குரலைத் தாழ்த்தி, "உங்க இதயத்துக்கு நான் குடுத்த வாக்கு. உங்க இதயம் ஒரு புகார் சொல்லலை. அதைச் சுத்தி இருக்கறதெல்லாம் பொறாமையில புகார் சொல்லுது. கை சொல்லுது, கால் சொல்லுது, கண்ணு சொல்லுது. ஒரு கூட்டுக் குடும்பத்துல ஒருத்தன் முன்னுக்கு வந்தா மத்தவங்களுக்குப் பொறுக்காது. இது வைத்தியம் இல்லை, மனித சுபாவம். ஈ.சி.ஜி. எடுத்துட்டுப் போங்க."

ஈ.சி.ஜி. அறையில் புது வில்லங்கம் காத்திருந்தது. கை நடுங்க நடுங்க, காகிதத்தில் கோடு கோடாக வர வேண்டிய இடத்தில் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. டைரக்டர் வந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. "உங்க கை உங்க இதயத்தை அவமரியாதை பண்ணுது, மிஸ்டர் ஏகநாதன்," என்றார். உடனே கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று நான்கு வார்டு பாய்கள் நியமிக்கப்பட்டு அவரை அமுக்கிப் பிடித்தார்கள். இப்போது ஏகநாதன் ஆடவில்லை. கட்டிலும் வார்டு பாய்களும் ஆடினார்கள். ஜன்னல் திரை லேசாக ஆடியது என்று சொல்கிறவர்களும் உண்டு.

டைரக்டர் போன பிறகு, அங்கே மிஷினையும் மைக் செட்டையும் பார்த்துக்கொண்டிருந்த ஜெயவேலு காதோடு காதாகச் சொன்னான். "நீ இன்னாத்துக்கு சார் பேஜாராவுற? வர்ற ஞாயித்துக்கிழமை ஆண்டு விழால ஒன்ன மேடையில ஏத்தி, நெஞ்சுல ஒயரு மாட்டி, நேரடியா ஸ்பீக்கர்ல கேக்கணுமாம். உன் கை ஆடுற ஆட்டத்துக்கு அதுல பஜார் சத்தம்தான் வரும். நான் ஒயர சும்மா ஒட்டிட்டு, கீழ பழைய கேசட்ட ஓட்டிக்கினு இருப்பேன். பெரியவருக்குத் தெரியாது. நீயும் கண்டுக்காத."

"தப்பில்லையா?"

"உன் இதயம்தானே சார் அதுவும். கொஞ்சம் பழசு, அவ்ளோதான்."

ஏகநாதன் யோசித்தார். மேடையில் ஏறினால் டைரக்டர் பக்கத்திலேயே நிற்கலாம். நாலு பேர் எதிரில் ஒரு வார்த்தை கேட்டால் மறுக்க மாட்டார். சரி என்று தலையாட்டினார். தலை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததால் ஜெயவேலு இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டான்.

விழாவுக்குத் தாளலயா ஜோடித்துக்கொண்டு நின்றது. மொட்டை மாடியிலிருந்து தரை வரை இதய வடிவத்தில் சீரியல் பல்பு. அதற்குள் இன்னொரு இதயம். அதற்குள் பல்பாலேயே வரைந்த டைரக்டர். தையல்நாயகியோடும் ஐசக்கோடும் வந்த ஏகநாதன் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு லோடு தாங்காது, ஃபியூஸ் போயிடும்," என்று தொழில் பழக்கத்தில் சொன்னார். "ஒங்க ஃபியூஸைப் பாருங்க," என்று தையல்நாயகி அவர் காலரைச் சரிசெய்தாள்.

முதல் நிகழ்ச்சி குத்துவிளக்கு. ஏற்ற வேண்டியவர் ஏகநாதன். யார் செய்த ஏற்பாடோ, நடுங்குகிற கையில் எரிகிற மெழுகுவர்த்தியைக் கொடுத்துவிட்டார்கள். அவர் கையை நீட்டினார். ஒரே வீச்சில் ஐந்து திரியும் பற்றிக்கொண்டது. திரும்பி வந்த வீச்சில் சிறப்பு விருந்தினரின் பொன்னாடையும் பற்றிக்கொண்டது. நைலான் ஜரிகை, நின்று எரிந்தது. சிறப்பு விருந்தினர் அதை உதறிவிட்டு மேடைக்குப் பின்பக்கமாக இறங்கியவர் சானடோரியம் ஸ்டேஷனில்தான் நின்றாராம். கூட்டம் இதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது.

பிறகு ஏகநாதனை நடுவில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தையல்நாயகி காலையில் போட்டுவிட்ட பொத்தான்களை ஊரறிய அவிழ்த்து, நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். ஜெயவேலு மேடைக்கு அடியில் கேசட்டை அழுத்தினான். லப் டப், லப் டப். கூட்டம் எழுந்து நின்றது.

"கேளுங்கள்," என்றார் டைரக்டர் மைக்கைப் பிடித்து. "இது ஒரு மனிதனின் இதயம் இல்லை. இது இந்த மையத்தின் இதயம். அவர் அதை வைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்."

இதுதான் சமயம் என்று ஏகநாதன் எழுந்தார். "டாக்டர், அந்த மாத்திரை விஷயமா ஒரு வார்த்தை..." என்று ஓரடி வைத்தார். கால் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை. அடியற்ற தென்னை மாதிரி மேடையில் சாய்ந்தார்.

லப் டப், லப் டப் என்றது ஒலிபெருக்கி.

டைரக்டரின் முகம் விளக்குப் போட்டது மாதிரி மலர்ந்தது. "கவனித்தீர்களா? மனிதர் விழுந்துவிட்டார். இதயம் விழவில்லை. தலை தரையில் மோதிய அந்த விநாடியில்கூட ஒரு துடிப்பு தவறவில்லை. நண்பர்களே, இதைத்தான் நாங்கள் பூரண குணம் என்று சொல்கிறோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அது அடங்குவதற்குள் வெளியே பட்டென்று ஒரு சத்தம். பெரிய இதயம், சின்ன இதயம், டைரக்டர் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. சாயங்கால வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒலிபெருக்கியில் லப் வந்தது. டப் வரவில்லை.

எல்லோரும் டப்புக்காகக் காத்திருந்தார்கள்.

டைரக்டர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். "போய்விட்டார்," என்றார்.

தரையில் கிடந்த ஏகநாதன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "டாக்டர், ஃபியூஸ் போயிருக்கு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"ஏகநாதன், ப்ளீஸ்," என்றார் டைரக்டர் கனிவாக. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். "எனக்குப் புரியுது. பேஷண்டுக்கு இதை ஏத்துக்கறது கஷ்டமாத்தான் இருக்கும். நாங்க எல்லாரும் கேட்டோம். நின்னுடுச்சு."

"பேசறேனே டாக்டர்."

"வாய் பேசும். வாயை வெச்சு நாங்க எதையும் முடிவு பண்றதில்லை."

கூட்டத்தில் தையல்நாயகி எழுந்தாள். "அவர் உட்கார்ந்துட்டு இருக்காரே, கண்ணு தெரியலியா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவர்கள், பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளைப் பிடித்து உட்காரவைத்து விசிறினார்கள். ஜெயவேலு மேடைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். சொன்னால் வேலை போகும் என்று கணக்குப் போட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

டைரக்டர் இரண்டு நிமிஷம் மௌன அஞ்சலி அறிவித்தார். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். மரியாதைக்காக ஏகநாதனும் நின்றார். மையத்தில் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதைப் போட வேண்டிய ஆளும் அஞ்சலியில் நின்றான்.

அப்புறம் இரங்கலுரை. "இவரைப் போல ஒரு நோயாளி இனி கிடைக்க மாட்டார்," என்றார் டைரக்டர். "கை நடுங்கியபோதும் மாத்திரையை விடவில்லை. கால் மரத்தபோதும் விடவில்லை. கண் மஞ்சளானபோது வந்து என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போதும் விடவில்லை. அவருக்குக் கல்லீரல் என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார். நான் பார்த்ததில்லை. அவர் அடக்கமானவர்."

ரத்தினபாய் மேடைக்கு வந்தாள். ஏகநாதனின் சட்டைப் பையில் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டாள். "சாரி சார்," என்றாள். "இறந்தவங்க மாத்திரையை பார்மஸிக்குத் திருப்பிக் குடுத்துடணும். ரூல்."

ஏகநாதன் வெறுமையாகிவிட்ட பையைத் தொட்டுப் பார்த்தார். உடம்பில் ஏதோ ஒன்று லேசாயிற்று. இந்த ஆள் சொல்லாமல் நிறுத்தினால் இதயம் நின்றுவிடும் என்று இவ்வளவு நாள் நடுங்கிக்கொண்டிருந்தோமே. இப்போது இந்த ஆளே நின்றுவிட்டது என்று சொல்கிறார், சபை நடுவே சொல்கிறார். உள்ளே அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. இவருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை போலிருக்கிறதே.

"டாக்டர்," என்றார், "அப்போ இனிமே அந்த மாத்திரை எனக்கு வேண்டாமா?"

"இறந்தவருக்கு எதுக்கு மாத்திரை?" என்றார் டைரக்டர்.

"ரொம்ப நன்றி டாக்டர்."

ஒயரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தையல்நாயகியின் தோளையும் ஐசக்கின் தோளையும் பிடித்துக்கொண்டு, சட்டை திறந்தபடியே வெளியேறினார். வழியில் நான்கைந்து பேர் அவரிடமே, நல்ல மனுஷன், இப்படிப் போயிட்டாரே என்று துக்கம் சொன்னார்கள். கேட் தாண்டும்போது பின்னால் ஃபியூஸ் போட்டுவிட்டார்கள். பல்புகள் எரிந்தன. நின்ற இடத்திலிருந்து கேசட் தொடர்ந்தது. டப். லப் டப், லப் டப்.

மேடையில் நாற்காலி காலியாக இருந்தது. ஒயர் தரையில் கிடந்தது. துடிப்பு மட்டும் துல்லியமாக வந்துகொண்டிருந்தது. டைரக்டர் நாற்காலியைப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நோயாளியின் தொந்தரவு இல்லாத ஒரு இதயம். இத்தனை வருஷம் அவர் தேடியது கடைசியில் கிடைத்துவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

ஐசக் அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஊரப்பாக்கம் கொண்டுபோய்விட்டார். டாக்டர் பியூலாவின் கிளினிக்கில் ஒலிபெருக்கி கிடையாது. அவள் ஏகநாதனின் கண் இரப்பையை இறக்கிப் பார்த்தாள். வலது விலாவுக்குக் கீழே அழுத்தினாள், அவர் முகம் சுளித்தார். உள்ளங்காலில் ஊசியால் குத்தினாள், அவர் பேசாமல் இருந்தார்.

"குத்தினேனே அங்கிள்."

"எப்போ?"

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தையல்நாயகி நீட்டிய மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தாள். "இந்த மாத்திரை தாளத்தைப் பிடிக்கும். கெட்டிக்காரன்தான். ஆனா சில பேருக்குக் கல்லீரலையும் நரம்பையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். அதனாலதான் இதைப் போடறவங்களுக்கு அப்பப்போ ரத்தம் எடுத்து கல்லீரலைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். எடுத்தாங்களா?"

"கேசட் எடுத்தாங்கம்மா," என்றார் ஏகநாதன்.

பியூலா அந்தச் சீட்டின் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "இதை நிறுத்தறேன். நீங்களா நிறுத்தியிருந்தா நான் திட்டியிருப்பேன். நானே ஒரு இதய டாக்டரைக் கேட்டு வேற மாத்திரை தர்றேன், வாரா வாரம் வந்து காட்டணும். பழசு உடம்பை விட்டுப் போக மாசக்கணக்காகும். மஞ்சள் இறங்கும். நடுக்கம் குறையும். கால் முழுசா வருமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இதயம் நடுநடுவே ஒண்ணு ரெண்டு தப்பும்."

"தப்பினா?"

"தப்பினா தப்பட்டும். அதிகமா தப்பினா வாங்க. அதுக்காக யாரும் எழுந்து நிக்க வேண்டாம்."

மாசங்கள் போயின. கண்ணில் மஞ்சள் கரைந்தது. காபி டம்ளரில் இருந்து சட்டைக்குப் போகிற பங்கு குறைந்து, ஐசக்கின் கிண்டலுக்கு வழியில்லாமல் போயிற்று. கால் பாதிதான் திரும்பி வந்தது. செருப்பை இப்போதும் குனிந்து பார்த்துத்தான் போட்டுக்கொண்டார். ஒருநாள் காலை தையல்நாயகி பொத்தான் போட வந்தபோது, "இரு," என்றார். கூரையைப் பார்க்காமல் கீழே பார்த்தார். நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் போகவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சட்டையோடுதான் அன்றைக்குக் குரோம்பேட்டைக்குப் பஸ் ஏறினார். தாளலயா எதிரில் பஸ் ஒன்பது மணிக்கு நின்றது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். சுவரில் அவர் போட்டோவுக்குப் புது மாலை, அதற்கு இப்போது ஊதுவத்தியும் சேர்ந்திருந்தது. ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தது. லப் டப், லப் டப். பிசகே இல்லை.

ஏகநாதன் பஸ் கம்பியை விட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்தார். கை இந்தத் தடவை நெஞ்சுக்கே போனது. உள்ளே லப் டப் என்றது, லப் டப் என்றது, நடுவில் ஒன்றைத் தாண்டிக் குதித்தது, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி நடந்தது.

"சார், பொத்தான் ஒண்ணு மாறிப் போட்டிருக்கீங்க," என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"தெரியும் சார்," என்றார் ஏகநாதன். "நானே போட்டது."